‘நம்பாதீர்கள்’ என்றால் போதுமா?

1934 ஜனவரி 15 பிற்பகலில் பிஹாரையும் நேபாளத்தையும் உலுக்கிய நிலநடுக்கத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முங்கேர், முசாபர்பூர் நகரங்கள் இடிபாடுகளாகிப் போயின. அதற்கடுத்த வாரங்களில் பிஹாரின் கடைத்தெருக்களிலும் படித்துறைகளிலும் ஜனங்கள் பேசிக்கொண்டதை ஜமுனா பிரசாத் என்ற உளவியல் ஆய்வாளர் அக்கறையோடு திரட்டினார். நடுக்கத்தின்போது கங்கை நீர் மறைந்து, குளித்துக்கொண்டிருந்தவர்கள் மணலில் புதைந்துபோனார்கள் என்றார்கள். சந்திர கிரகணத்தன்று இதைவிடப் பெரிய நடுக்கம் வரப்போகிறது என்றார்கள். குறிப்பிட்ட ஒரு நாளில் பாட்னா நகரமே இருக்காது என்றும் சொன்னார்கள். இவற்றை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை 1935-ல் பிரிட்டனின் உளவியல் இதழில் வெளியானது. பல ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் அதைப் படித்தபோது ஒரு விஷயம் அவரைக் குடைந்தது. ஏற்கெனவே பயந்துபோயிருக்கிற மனிதர்கள் தங்களுக்கு ஆறுதல் தரும் செய்தியைத்தானே தேட வேண்டும்? இன்னும் பெரிய அழிவு வரப்போகிறது என்பதை ஏன் இவ்வளவு ஆவலாகக் கேட்கிறார்கள், கேட்டதை ஏன் அடுத்தவருக்குச் சொல்கிறார்கள்?

அவர் கண்ட விடை இது. அந்த வதந்திகள் பரவிய பகுதியின் மக்கள் நிலம் ஆடியதை நன்றாக உணர்ந்தவர்கள். ஆனால் பெரிய சேதம் எதையும் கண்ணால் காணாதவர்கள். வீடு நின்றுகொண்டிருக்கிறது, பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்கள், நெஞ்சு மட்டும் படபடப்பை நிறுத்தவில்லை. பயப்பட ஒன்றுமில்லாதபோது இப்படிப் பயந்துகொண்டிருப்பது மனதுக்குப் பொருந்தாத நிலை. பயத்தை உடனே அகற்ற முடியவில்லை என்றால், அந்தப் பயத்துக்குத் தகுந்த காரணம் ஒன்று கிடைத்தால்தான் மனம் சமாதானமாகும். வரப்போகும் பேரழிவு பற்றிய வதந்தி அந்தக் காரணத்தைக் கொடுத்தது. இதற்கு மாறாக, 1950-ல் டார்ஜிலிங்கில் நடந்த நிலச்சரிவுக்குப் பிறகு துர்கானந்த் சின்ஹா செய்த ஆய்வில், அழிவை நேரில் பார்த்தவர்களிடம் இப்படிப்பட்ட எதிர்காலப் பயங்கரங்கள் பேசப்படவில்லை. அவர்களுடைய பயத்துக்குக் காரணம் கண்முன்னே கிடந்தது. இரண்டு ஊர்களுக்கும் வேறு பல வித்தியாசங்கள் உண்டு என்பதால் இந்த ஒப்பீட்டை இறுதி நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால், மனதின் இந்தப் பொருந்தாமையைச் சொல்லும், சமூக உளவியலின் மிகப் புகழ்பெற்ற கருத்துகளில் ஒன்றான ‘அறிகை முரண்பாடு’, 1957-ல் ஃபெஸ்டிங்கரின் நூலாக வருவதற்கு முன், பிஹார் கடைத்தெருவின் பேச்சிலிருந்துதான் கிளம்பியது. அந்தப் பேச்சு நமக்குச் சொல்லும் பாடத்தை நம்முடைய அரசுகள் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்பதே என் வருத்தம்.

நம் நாட்டில் எந்த வதந்தி கிளம்பினாலும் அதிகாரிகளிடமிருந்து ஒரே மாதிரியான அறிக்கை வருகிறது: வதந்திகளை நம்ப வேண்டாம், பரப்புவோர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும். மக்கள் அறியாமையால் ஏமாறுகிறார்கள், அவர்களைத் தட்டி வைத்தால் சரியாகிவிடும் என்ற எண்ணம் இதில் ஒளிந்திருக்கிறது. ஆனால் வதந்தியை நம்புகிறவர் முதலில் கேட்டுக்கொண்டிருப்பது ஒரு கேள்வியை. என் பிள்ளை பத்திரமா? நாளைக்கு இந்த ஊரில் நான் உயிரோடு இருக்க முடியுமா? ‘நம்பாதீர்கள்’ என்ற சொல் அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது. கேள்வி அப்படியே நிற்கும்வரை, பதில் போலத் தோன்றும் எதுவும் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

காரணம் தேடும் இந்தத் தாகம் எளிய மக்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிடக் கூடாது. அதே பிஹார் நிலநடுக்கம் நடந்த ஒன்பதாம் நாள், தீண்டாமை ஒழிப்புப் பயணமாகத் தமிழகம் வந்திருந்த காந்தி, திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனையே அது என்றார். அவருடைய ஆலயப் பிரவேச இயக்கத்தை எதிர்த்த சனாதனிகள், அந்த இயக்கத்தால்தான் தெய்வக் குற்றம் நேர்ந்தது என்றார்கள். இயற்கைச் சீற்றத்துக்கு இயற்கையில்தான் காரணம் தேட வேண்டும் என்று தாகூர் காந்தியை வெளிப்படையாக மறுத்தார். ஆடியது ஒரே நிலம்தான். அவரவர் நெஞ்சில் ஏற்கெனவே கனன்றுகொண்டிருந்த கவலை எதுவோ, அதுவே அவரவருக்குக் காரணமாகத் தெரிந்தது. மகாத்மாவுக்கே நேர்ந்த ஒன்றை மற்றவர்களிடம் கண்டு ஏளனம் செய்ய நமக்கு உரிமை இல்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வதந்திகளை ஆராய்ந்த கோர்டன் ஆல்போர்ட்டும் லியோ போஸ்ட்மேனும் 1947-ல் வெளியிட்ட நூலில் ஒரு கணக்கைச் சொன்னார்கள். விஷயம் நமக்கு எவ்வளவு முக்கியம், அதைப் பற்றிய தகவல் எவ்வளவு மங்கலாக இருக்கிறது என்ற இரண்டையும் பெருக்கினால் வருவதே வதந்தியின் வலு. பெருக்கல் என்பதைக் கவனிக்க வேண்டும்; இரண்டில் ஒன்று பூஜ்யமானால் வதந்தியும் பூஜ்யம். பின்னால் வந்த ரால்ஃப் ராஸ்னோ போன்றவர்கள் இதில் மனப்பதற்றத்தையும் சேர்த்தார்கள். பிள்ளையின் உயிர் பெற்றோருக்கு முக்கியமில்லாமல் போக எந்த அரசாணையும் செய்துவிட முடியாது. அரசின் கைக்கு எட்டுவது தகவலின் மங்கலைப் போக்குவது ஒன்றுதான். அதைச் செய்யாமல் மிரட்டுவதில் பலன் கிடையாது.

ஆல்போர்ட்டும் போஸ்ட்மேனும் செய்த ஒரு சோதனை, வாய்வழியே போகும் செய்தி எப்படி உருமாறுகிறது என்று காட்டியது. ரயில் பெட்டிக்குள் சவரக்கத்தி வைத்திருக்கும் ஒரு வெள்ளையர் ஒரு கறுப்பினத்தவரோடு வாதாடும் படத்தை ஒருவருக்குக் காட்டி, அவர் அடுத்தவருக்கு, அடுத்தவர் மற்றவருக்கு என்று சொல்லச் செய்தார்கள். பாதிக்கும் மேற்பட்ட முறை, ஏதோ ஒரு கட்டத்தில் கத்தி கறுப்பினத்தவரின் கைக்கு மாறிவிட்டது. யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. பல விவரங்கள் உதிர்ந்தன, சில கூர்மையாயின, மிஞ்சியது சொல்பவர்களின் முன்முடிவுக்குப் பொருந்தும்படி வளைந்தது. 2018-ல் நம் நாட்டில் கைபேசிக்குக் கைபேசி தாவிய ஒரு காணொளி இதற்கு நிஜ வாழ்க்கையின் சாட்சி. மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்லும் காட்சி அது. உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சியில், குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். அதன் முடிவில் சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். குழந்தையைக் கடத்துவது எவ்வளவு சுலபம் என்று எச்சரிக்கும் அட்டை ஒன்றைப் பிடித்துக் காட்டுவார்கள். அந்த முடிவை யாரோ வெட்டிவிட்டார்கள். மிச்சம் நம் ஊர்க் காட்சியாகிவிட்டது. அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்த முதிய பெண் ஒருவர் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று கருதி அவரை அடித்தே கொன்றார்கள். ஜூலை முதல் தேதி மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் ரெயின்பாடா கிராமத்தில் ஐந்து பேர் இதே போலக் கொல்லப்பட்டார்கள்.

படிப்பறிவு வந்தால் இதெல்லாம் ஒழிந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. எனக்கும் அது உண்மையாக இருக்க வேண்டும் என்றுதான் ஆசை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை தத்தளித்தபோது, முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி ஊருக்குள் வந்துவிட்டன என்றும், அமெரிக்காவின் நாசா இன்னும் வரலாறு காணாத மழையை முன்னறிவித்திருக்கிறது என்றும் செய்திகள் பறந்தன. அவற்றை அனுப்பியவர்களிலும் நம்பியவர்களிலும் பட்டதாரிகளுக்குக் குறைவில்லை. நாசாவின் பெயரைச் சேர்த்தால் நம்பகம் கூடும் என்று தெரியவே கொஞ்சம் படிப்பு வேண்டும். ஒரே கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அது உண்மை போலத் தோன்றத் தொடங்கும் என்பதை 1977-லேயே ஹாஷர், கோல்ட்ஸ்டீன், டொப்பினோ என்ற மூவர் சோதனையில் காட்டினார்கள். 2015-ல் லிசா ஃபாசியோ குழுவினர் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். ஸ்காட்லாந்து ஆண்கள் அணியும் மடிப்புப் பாவாடைக்குப் பெயர் ‘சாரி’ என்பது போன்ற தவறான வாக்கியங்களை அமெரிக்க மாணவர்களிடம் படிக்கக் கொடுத்தார்கள். சரியான பெயர் தெரிந்த மாணவர்களுக்கும், முன்பே ஒருமுறை படித்த பொய் கூடுதலாக உண்மை போலத் தோன்றியது. நாம் அறிந்ததை மனம் எப்போதும் எடுத்துச் சரிபார்ப்பதில்லை. பழகிய வாக்கியம் சுலபமாக உள்ளே போய்விடுகிறது. பள்ளியும் பட்டமும் வேண்டும்தான். ஆனால் அவை கிடைக்கும்வரை காத்திருக்கச் சொல்வது பதில் சொல்லாமல் நழுவும் வழியாகிவிடக் கூடாது.

பிஹாரின் கதை தமிழகத்துக்கே திரும்பி வந்தது 2023 மார்ச்சில். தமிழ்நாட்டில் பிஹார் தொழிலாளர்கள் கொல்லப்படுகிறார்கள் என்று வேறு மாநிலங்களில் நடந்த, தொடர்பில்லாத வன்முறைக் காட்சிகளையெல்லாம் இணைத்துக் காணொளிகள் பரவின. திருப்பூரிலும் கோவையிலும் வேலை செய்துகொண்டிருந்தவர்களை ஊரிலிருந்து தாய்மார்கள் அழைத்து உடனே கிளம்பிவரச் சொன்னார்கள். ரயில் நிலையங்களில் கூட்டம் குவிந்தது. ஹோலிப் பண்டிகைக்காக எப்படியும் ஊருக்குப் போயிருக்கக்கூடியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்; ஆனால் அதைப் படம் பிடித்தவர்களுக்கு அதுவே அகதிகள் ஓட்டம். பிஹார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பியது. வதந்தி பொய் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பயம் ஆகாயத்திலிருந்து விழவில்லை. சில வாரங்களுக்கு முன்புதான் ஓடும் ரயிலில் வடமாநிலத் தொழிலாளர்களை ஒருவர் தாக்கும் காட்சி வெளியாகியிருந்தது. அது உண்மையான காட்சி. ‘வடக்கன்’ என்ற சொல் நம் பேச்சிலும் சமூக ஊடகத்திலும் எந்தத் தொனியில் புழங்குகிறது என்பதை, மொழி புரியாவிட்டாலும், அந்தத் தொழிலாளர்கள் உணர்ந்துதான் இருந்தார்கள். தங்கள் பாதுகாப்பு பற்றி யாரிடம் கேட்பது என்று தெரியாமல், கேட்டாலும் புரியாத மொழியில் பதில் வரும் ஊரில் வாழ்கிறவர்களிடம் அந்தக் காணொளி போய்ச் சேர்ந்தபோது, அது அவர்கள் பல மாதங்களாக உள்ளே வைத்திருந்த அச்சத்துக்கு உருவம் கொடுத்தது. இங்கே நாம் குற்றவாளிகள் அல்ல என்று தமிழகம் சொன்னது சரி. அந்த அச்சத்துக்கு இடம் கொடுத்ததில் நமக்குப் பங்கே இல்லை என்று சொன்னால் அது சரியாகாது.

அந்தச் சமயத்தில் தமிழக அரசு செய்தவற்றில் சில உண்மையிலேயே பலன் தந்தவை, அவை ஏன் பலித்தன என்பதையும் பார்க்க வேண்டும். காவல் துறைத் தலைவர் உடனே காணொளியில் வந்து மறுத்தார். இந்தி பேசும் ஆட்களோடு உதவி எண்கள் இயங்கின. முதல்வர் தொழிலாளர்களை நேரில் சந்தித்தார். பரப்பப்பட்ட காட்சி எந்த ஊரில், எதற்காக நடந்தது என்பது விவரத்தோடு விளக்கப்பட்டது. ‘நம்பாதீர்கள்’ என்பதைத் தாண்டி, கேட்பவரின் மொழியில், அவருடைய கேள்விக்கான பதிலாக அந்த விளக்கங்கள் இருந்தன. மறுப்பதால் வதந்தி இன்னும் பலருக்குப் போய்ச் சேராதா, நம்பியவர்கள் பிடிவாதம் பிடிக்க மாட்டார்களா என்று சிலர் அஞ்சுகிறார்கள். திருத்தம் சொன்னால் பொய் நம்பிக்கை மேலும் இறுகும் என்று ஒரு காலத்தில் ஆய்வாளர்களும் நினைத்ததுண்டு. பின்னர் ஆயிரக்கணக்கானவர்களை வைத்துத் திரும்பச் சோதித்தபோது அது மிக அரிதாகவே நடந்தது. தெளிவான திருத்தம் பெரும்பாலும் நம்பிக்கையைச் சரிசெய்யவே செய்கிறது. எனவே மௌனமே பாதுகாப்பு என்ற வாதம் நிற்காது.

விஷமிகள் திட்டமிட்டுச் செய்வதை மக்களின் மனநிலை மீது ஏற்றுகிறீர்களே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். காணொளியின் முடிவை வெட்டியவருக்கும், பிற மாநிலக் காட்சிக்குத் திருப்பூர் என்று பெயர் வைத்தவருக்கும் நோக்கம் இருந்தது. பார்வையாளர் எண்ணிக்கைக்காகவும் அரசியல் லாபத்துக்காகவும் செய்கிறவர்கள் தண்டிக்கப்பட வேண்டும். ஆனால் விதைப்பவர் ஒருவர், விளைந்த நிலம் வேறு. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் சுமார் 30 லட்சம் பேர் பரப்பிய செய்திகளை ஆராய்ந்து வொசூகி, ராய், ஆரல் மூவரும் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், உண்மைச் செய்தியைவிடப் பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 சதவீதம் கூடுதல் என்று தெரிந்தது. தானியங்கிக் கணக்குகளை நீக்கிப் பார்த்தும் வித்தியாசம் மறையவில்லை. பரப்பியவர்கள் மனிதர்கள்தான், அச்சமும் அருவருப்பும் வியப்பும் தூண்டும் பொய்யை அவர்கள் விரும்பி அனுப்பினார்கள். 2018-ல் இந்தியாவில் வாட்ஸ்அப் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது, பின்னர் பலமுறை கைமாறிய செய்தியை ஒரு உரையாடலுக்கு மட்டும் என்று சுருக்கியது. வேகம் குறைந்தது நல்லதே. கேள்வி குறையவில்லை. இணையத்தையே துண்டிப்பது இதைவிட மோசம். பல ஆண்டுகள் உலகிலேயே அதிக முறை இணையத்தை முடக்கிய நாடு என்ற பெயர் இந்தியாவுக்கு இருந்தது. பொய்யோடு சேர்த்து மறுப்பையும், தாயின் அழைப்பையும் அது நிறுத்திவிடுகிறது. மங்கலைக் கூட்டுவதற்கு இதைவிடச் சிறந்த வழி இருக்க முடியாது.

இப்படி விளக்குவது கும்பலாகச் சேர்ந்து கொன்றவர்களுக்கு வக்காலத்து வாங்குவதாகாதா என்ற கேள்வியே என்னை அதிகம் உறுத்துவது. பயம் ஏன் பரவியது என்று சொல்லலாம். அந்த முதிய பெண்மணி மீது கை வைத்தவர்கள் யாரும் அதனால் நிரபராதி ஆகிவிடுவதில்லை. அதே வதந்தியை அதே நாளில் கேட்ட பல்லாயிரம் பேர் யாரையும் தொடவில்லை. தண்டனை உறுதியாக, விரைவாகக் கிடைக்க வேண்டும். ஆனால் தண்டனை எப்போதும் ஒரு பிணம் விழுந்த பிறகு வருவது. அதற்கு முந்தைய சில நாட்களில் என்ன செய்திருக்கலாம் என்று கேட்பவர் கொலைகாரருக்குப் பரிந்து பேசவில்லை.

முன்னதாகச் செய்ய முடியும் என்பதற்கு நம் கடற்கரையிலேயே சான்று உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்ட நான்காம் நாள், இன்னொரு சுனாமி வரக்கூடும் என்று மத்திய உள்துறை அமைச்சகமே எச்சரித்தது. வெளிநாட்டுத் தனியார் நிறுவனம் ஒன்றின் கணிப்பு அதற்கு அடிப்படை. நாகப்பட்டினத்தில் பிணங்களை எடுத்துக்கொண்டிருந்தவர்களும் சோறு வடித்துக்கொண்டிருந்தவர்களும் அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள். அன்றைக்கே அது பொய்யென்று ஆனது. அதாவது, நம்பகமான தகவலுக்கு ஓர் அமைப்பு இல்லாத இடத்தில் அரசே வதந்தியின் வாயாக மாறியது. 2007-ல் ஹைதராபாதில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் வந்தது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவில் நிலம் அதிர்ந்து சென்னையின் கட்டிடங்களிலிருந்து மக்கள் தெருவுக்கு வந்தபோது, அந்த மையம் நிமிடங்களில் எச்சரிக்கை கொடுத்தது. கடல்மட்டக் கருவிகள் காட்டியதை வைத்து நிலைமையைத் தொடர்ந்து சொன்னது. நிலத்தட்டுகள் பக்கவாட்டில் நழுவியிருந்ததால் பெரிய அலை எழவில்லை என்று தெரிந்ததும் அன்று மாலையே எச்சரிக்கையை விலக்கிக்கொண்டது. பயம் இருந்தது. ஆனால் பயத்துக்கு அடுத்த அறிவிப்பு எங்கிருந்து வரும் என்று மக்களுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க அரசால் முகாம்களில் அடைத்துவைக்கப்பட்ட ஜப்பானிய வம்சாவளியினரில் ஒருவரான டமோட்சு ஷிபுடானி, முகாம் வாழ்க்கையைக் கவனித்து, பின்னர் 1966-ல் எழுதிய நூலில், அதிகாரபூர்வமான செய்தி வராதபோது மக்கள் தாங்களே கூடித் தயாரித்துக்கொள்ளும் செய்திதான் வதந்தி என்றார். அவருடைய பார்வையில் வதந்தி எப்போதும் பொய்யாகவும் இருப்பதில்லை. மறைக்கப்பட்ட உண்மை பலமுறை வதந்தியாகத்தான் வெளிவருகிறது. அதனால்தான் எல்லாவற்றையும் வதந்தி என்று ஒதுக்கும் அதிகாரியை மக்கள் அடுத்த முறை நம்புவதில்லை. தெரிந்ததைத் தெரிந்தது என்றும், விசாரணையில் இருப்பதை இன்னும் தெரியாது என்றும் சொல்லத் தயங்காத அதிகாரியின் மறுப்புக்குத்தான் மதிப்பு இருக்கும்.

கும்பல் கொலைகளைத் தடுக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் காவல் கண்காணிப்பாளர் நிலையில் ஒரு பொறுப்பு அதிகாரி இருக்க வேண்டும் என்று 2018 ஜூலை 17 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த அதிகாரியின் வேலையில் பேசுவதும் சேர வேண்டும். பிள்ளை பிடிப்பவர்கள் என்ற பேச்சு ஒரு வட்டாரத்தில் கிளம்பிய அன்றே, கிராம நிர்வாக அலுவலரும் பள்ளித் தலைமை ஆசிரியரும் ஊராட்சித் தலைவரும் அதை அவருக்குச் சொல்ல ஒரு வழி இருக்க வேண்டும். வடமாநிலத் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் விடுதிகளில் எழும் பேச்சையும் அவர்கள் மொழியில் கேட்க ஆள் இருக்க வேண்டும். பெற்றோர் அன்று கேட்கும் கேள்வி மிக எளிது: நம் மாவட்டத்தில் இந்த மாதம் எத்தனை குழந்தைகள் காணாமல் போனார்கள், எத்தனை பேர் திரும்பக் கிடைத்தார்கள்? அந்த எண் காவல் நிலையப் பதிவேட்டில் இருக்கிறது. அதை எடுத்து, அன்று மாலையே, ஊர் மந்தையில் நின்று வாசிக்க ஓர் அதிகாரி போக வேண்டும்.